இறால் வாளி வழியாக

மே 4

காற்று மேற்கு. கொடுவா இல்லை.

டக் படகை ஓட்டும் செராங்காக இருந்தபோது லாக் புத்தகம் எழுதிய பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அன்று எழுதியது எந்தக் கப்பலை எந்தத் தளத்தில் கட்டினோம் என்று. இன்று எழுதுவது எந்த மீன் கடிக்கவில்லை என்று. மலை போன்ற கப்பல்களை இழுத்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தவன், இப்போது மஞ்சள் பிளாஸ்டிக் கயாக் ஒன்றில் உட்கார்ந்து பழையகாயல் பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி ஜெசிந்தா அதைக் குளிக்கிற தொட்டி என்கிறாள்.

கூட்டாளி கித்தேரியானுக்கு இன்று கண் ஆபரேஷன். கயாக்கின் முன் இருக்கை அவனுடையது. ஒன்றரை மாதத்துக்குக் கண்ணில் உப்புத் தண்ணீர் படக்கூடாதாம். தனியாகப் போக ஜெசிந்தா விடமாட்டாள். போன வருஷம் ஒருநாள் வெயிலில் எனக்குத் தலை சுற்றியதை அவள் இன்னும் மறக்கவில்லை. நான் மறந்துவிட்டேன்.

மகள் டெல்பின் வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று அவளே சொல்லி வந்தாள். கூடவே அந்தக் கோபிச்செட்டிபாளையத்துக்காரரும் வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் வேலையாம், எங்கே உட்கார்ந்தும் செய்யலாமாம். எங்கள் மாடியில் உட்கார்ந்து செய்கிறார்.

போன வருஷம் கோவையில் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் போட்டோ அனுப்பினார்கள். என் ஒரே மகளின் கல்யாணத்தை நான் செல்போனில்தான் பார்த்தேன். அதனால் அந்த மனிதரிடம் நான் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வார்த்தை இல்லை, அவ்வளவுதான். வேண்டியதை ஜெசிந்தா வழியாகச் சொல்லிவிடுகிறேன். "சாப்பிடச் சொல்லு." "ஃபேனப் போட்டுக்கிடச் சொல்லு." வீடு ஓடுகிறது.

மே 6

டெல்பினுக்குக் கொடுவாத் தலை போட்டுக் குழம்பு வேண்டுமாம். தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, மார்க்கெட்டில் நல்ல மீனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அப்படியே கிடைத்தாலும் அது வேறு யாரோ பிடித்தது. என் மகளுக்கு நான் பிடித்துக் கொடுப்பேன்.

"அப்ப அவரக் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா தொட்டி கொல்லையிலயே கெடக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா. வேறு வழியில்லை.

கரையில் நின்று, "மாமா, நானு எங்க உக்காரோணுமுங்க?" என்று கேட்டார். வந்த நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார். யார் அனுமதி கொடுத்தது என்று தெரியவில்லை. முன் இருக்கையைக் கையால் காட்டினேன். முகம் கழுத்தெல்லாம் வெள்ளையாக ஏதோ க்ரீம் பூசியிருந்தார். மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து வந்தவர் மாதிரி இருந்தது.

கயாக்கில் ஒரு சௌகரியம். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்க முடியாது. எனக்கு அவர் முதுகு மட்டும்தான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அதில் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது. அவர் இடது பக்கமே துடுப்புப் போட, கயாக் வட்டமடித்தது. சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு ஜெசிந்தா இல்லை.

என் கால்களுக்கு நடுவே இரைக்கு வைத்திருந்த உயிர் இறால் வாளி இருந்தது. வாளியைப் பார்த்துச் சொன்னேன்: "வலது பக்கமும் போடச் சொல்லு."

முன்னால் துடுப்பு நின்றது. பிறகு திரும்பாமலேயே பதில் வந்தது. "போடறனுங்கன்னு மாமாகிட்டச் சொல்லிப்போடு, வாளி."

முதுகு குலுங்கியது. சிரிப்பா குளிரா தெரியவில்லை. கத்திரி வெயிலில் குளிருக்கு வாய்ப்பில்லை.

கொடுவா இல்லை.

மே 7

பேத்தை. பேத்தை. ஒரு கெளுத்தி. மறுபடியும் பேத்தை. கையில் எடுத்ததும் பேத்தை பந்து மாதிரி உப்பியதைப் பார்த்து, "இது ஏன் இத்தன கோவப்படுதுன்னு மாமாவக் கேளு" என்றார் வாளியிடம். அதன் குணம் அப்படி என்று வாளியிடம் சொல்லி அனுப்பினேன்.

மே 12

காற்று மேற்கு. ஏற்றம் விடியலில்.

போகிற போக்கில் வாளியிடம் ஒரு விஷயம் சொன்னார். "எனக்கு நீச்சல் தெரியாதுன்னு மாமாவுக்குத் தெரியுமான்னு கேளு."

வாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துடுப்பை நிறுத்திவிட்டேன். எட்டு வயசில் கிணற்றில் விழுந்தாராம். அதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே போனதில்லையாம். பிறகு எதற்கு என்னோடு வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஜெசிந்தா கட்டாயப்படுத்தியது என்னைத்தானே தவிர அவரை அல்ல.

முகத்துவாரம் வரை போகலாம் என்றுதான் கிளம்பினேன். கடல்தண்ணீர் ஏற்றம் சரியாகப் படவில்லை. உள்ளாற்றிலேயே இடுப்பளவு தண்ணீரில் சுற்றிவிட்டு வந்தோம். அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் பின்பட்டை தளர்ந்திருந்தது. எட்டி இறுக்கிவிட்டேன்.

மே 13

ஏற்றம் அருமையாக இருந்தது. உள்ளாறுதான் போனோம்.

மே 16

கொடுவா இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. ஆற்றின் வளைவில் அலையாத்தி மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கின்றன. அந்த நிழலுக்குள், வேர்களுக்கு இடையில் கிடக்கிறது. ஒருமுறை புரண்டபோது விலா பளிச்சென்றது. என் முழங்கைக்கு மேல் நீளம் இருக்கும்.

இரையை மூக்குக்கு முன்னாலேயே இறக்கினேன். வந்து பார்த்தது, முகர்ந்தது, போய்விட்டது. இன்னொரு இறால் போட்டேன். சிவப்பும் வெள்ளையுமான என் பழைய போலி மீனைப் போட்டு இழுத்தேன். மறுபடி வந்து பார்த்துவிட்டு வேருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சுற்றிலும் கெளுத்தியும் பேத்தையும் கிழங்கானும் கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருக்கின்றன. இது மட்டும் வாய் திறக்கமாட்டேன் என்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெசிந்தாவிடம் சொன்னேன். "பசி இல்லாம இல்ல. நல்லாத் தெரியுது. வந்து வந்து பாக்கு. ஆனா வாயத் தொறக்க மனசு இல்ல. வெயில்ல தண்ணி சூடாயிட்டா அதுக்கு ஒரு வீம்பு வந்துரும்."

"அப்படியா? இந்த வீட்லயும் ஒண்ணு கெடக்கு" என்றாள்.

டெல்பின் சிரித்தாள். ஜெசிந்தா எதைச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. மாடியில் ஏசியைச் சொல்கிறாளோ என்னவோ, அதுவும் ஓட மாட்டேன் என்கிறது.

மே 20

இன்று போகவில்லை.

காலையில் மாடி அறையில் தொட்டிலுக்குக் கொக்கி அடித்து முடித்தேன். டக்கில் கப்பலைக் கட்டுகிற அதே முடிச்சுத்தான் போட்டிருக்கிறேன். நானே அதில் தொங்கியும் பார்த்தேன். உத்தரம் முனகியதே தவிர, கொக்கி அசையவில்லை. இறங்கித் திரும்பினால் டெல்பின் வாசலில் நிற்கிறாள்.

"டாடி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது."

கோபப்படக்கூடாது என்று யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் வந்துவிடும். உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குப் பெறகு எங்கயும் போகக்கூடாதுன்னுட்டாங்க. அதுக்குள்ள நீங்க அவர ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, மாப்ளன்னு கூப்புடணும். மம்மிகிட்டயோ வாளிகிட்டயோ இல்ல. அவருகிட்ட. இல்லன்னா நாங்க கோபிக்குப் போயிருதோம். புள்ள அங்கயே பொறக்கட்டும்."

"மெரட்டுதியா?"

"கெஞ்சுதேன், டாடி. ஒங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

அவளே தொடர்ந்தாள். "ஒங்ககிட்டச் சொல்லாம கல்யாணம் பண்ணது நானு. அவரு சொல்லிட்டே பண்ணுவோம்னுதான் சொன்னாரு. நான்தான் பயந்தேன். என் மேல கோவப்படுங்க. ஆனா என் புள்ளயோட அப்பாவக் கூப்புட ஒரு வார்த்த இல்லாத வீட்ல நான் எப்படி டாடி புள்ள பெறுவேன்?"

அவள்மேல் எனக்குக் கோபம் வராது. வந்தால் அதை எங்கே வைப்பது? அதனால்தான் அதைத் தூக்கி அந்த மனிதர் தலையில் வைத்திருக்கிறேன். அவருக்குத் தோள் அகலமாக இருக்கிறது.

தலைப்பிள்ளை வேறு ஊரில் பிறந்தால் ஊர் என்ன சொல்லும் என்று எழுத நினைத்தேன். ஊருக்கென்ன வந்தது. அந்தத் தொட்டில் காலியாகத் தொங்கினால் நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மே 21

கூப்பிடக்கூடாது என்றில்லை. வாய் வரவில்லை.

மே 26

காற்று இல்லை. ஏற்றம் தொடங்கும் நேரம்.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியலில் வளைவுக்குப் போனோம். தண்ணீர் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. அவர் தூண்டில் கம்பை நிழலை நோக்கி வீசினார். அவர் வீசினால் பாதி நாள் மரத்தில் போய் மாட்டும். இன்று சரியாக வேரின் ஓரத்தில் விழுந்தது. விழுந்த கையோடு கம்பு வில்லாக வளைந்தது.

கொடுவா. அதுவே. பத்து நாளாக முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, இன்று இரையை முழுசாக வாங்கிக்கொண்டது. தூண்டில் நரம்பு கீச்சென்று ஓடியது. அவர், "மாமா! மாமா!" என்று கத்தினார். எனக்கும் கை கால் ஓடவில்லை.

கொடுவாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பித் தலையை உதறும். அந்த நொடியில் கம்பைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் தூண்டிலைத் துப்பிவிடும். எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மீன் எழும்பப்போவது எனக்கு நரம்பின் சாய்விலேயே தெரிந்துவிட்டது.

தாழ்த்து என்று சொல்லலாம், மரியாதையாக இருக்காது. தாழ்த்துங்க என்று சொல்லலாம். அது நேராகப் பேசுவது. என் தலை தானாகக் குனிந்து வாளியைத் தேடியது. "கம்பத் தாழ்த்தச் சொல்..."

மீன் ஆகாயத்தில் நின்றது. தலையை ஒரு உதறு. அவ்வளவுதான். நரம்பு தொய்ந்துபோய் அவர் மடியில் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், திரும்பாமலேயே. "நேராச் சொல்லீருந்தீங்கன்னா மீனு நின்னிருக்குமுங்களா, மாமா?"

நின்றிருக்கும் என்று வாளியிடம் சொன்னேன்.

அவர் கம்பை மெதுவாக மடக்கி வைத்தார். திரும்பி வரும் வழியில் வாளியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மூன்று வாரத்தில் அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பழகிப்போயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நானாக ஒரு தடவை, "வெயில் ஏறிட்டான்னு கேளு" என்றேன். பதில் இல்லை.

மே 29

அவருக்கு மாடியில் வேலை அதிகமாம். நான் கொல்லையில் கயாக்கைக் கழுவினேன். அழுக்கு இல்லை. இருந்தாலும் கழுவினேன்.

ஜூன் 2

ஒன்பதாம் தேதிக்கு ஈரோட்டுக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று என்று ஜெசிந்தா சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தொன்பது வருஷமாக எனக்கு என்ன வேண்டுமென்று வாயைத் திறக்காமலே தெரிந்துகொண்டவள். அதுதான் தப்பாகப் போயிற்றோ என்னவோ, வாய் அதற்குப் பழகிவிட்டது.

அவரிடம் எனக்கு வருத்தம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று மொட்டைமாடியில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். துடுப்பை இன்னும் கரண்டி பிடிப்பது போலத்தான் பிடிக்கிறார். அது ஒன்றுதான் அகப்பட்டது.

ஜூன் 6

ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "மாப்ள." சரியாகத்தான் வருகிறது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. "வாங்க மாப்ள."

பின்னால் ஜெசிந்தாவின் குரல். "கண்ணாடிக்குள்ள இருக்கவருக்கு எந்த ஊருங்க?"

தாடையில் வெட்டுக்காயம். பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 7

அவர் மாடிப்படியில் இறங்கி வந்தார். நான் கீழே நின்றேன். வார்த்தை தொண்டை வரை வந்தது. "ஃபேன நிறுத்திட்டாரான்னு கேளு" என்று சொல்லிவிட்டேன், பக்கத்தில் யாருமே இல்லாமல். அவர், "நிறுத்திப்போட்டனுங்க மாமா" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 8

காற்று மேற்கு, பலமாகத் தொடங்குகிறது. ஏற்றம் விடியலில்.

கடைசி நாள் என்பதால் நான் மட்டும் ஓசைப்படாமல் போய் வந்துவிடலாம் என்று எழுந்தேன். டெல்பின் கிளம்புமுன் அந்தத் தலைக் குழம்பையாவது தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கொல்லைக் கதவைத் திறந்தால், கயாக் பக்கத்தில் அவர் நிற்கிறார். லைஃப் ஜாக்கெட் போட்டு, முகமெல்லாம் மாவு பூசி, கையில் வாளி.

"ஒத்தையில போகக்கூடாதுன்னு அத்த சொல்லியிருக்காங்களே" என்றார். வாளியிடமா என்னிடமா என்று தெரியவில்லை.

பின்பட்டையை இறுக்கிவிட்டேன். கிளம்பினோம்.

வளைவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் வீசினேன். முதல் வீச்சுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. அடுத்ததில் கம்பு என் கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அதே மீன்தான் என்று சத்தியம் செய்வேன். இந்தத் தடவை அது மேலே எழும்பவில்லை. நேராக வேர்களைப் பார்த்து ஓடியது. வேருக்குள் புகுந்தால் நரம்பு அறுந்தது என்று அர்த்தம். கயாக்கைப் பின்னால் எடுக்க வேண்டும், அதுவும் உடனே. என் இரண்டு கையிலும் கம்பு.

"மாப்ள! பின்னுக்கு வலிங்க! பின்னுக்கு, மாப்ள!"

என் குரல்தான். கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

அவர் வலிக்க வேண்டியதுதானே? வலிக்கவில்லை. துடுப்பை அப்படியே மடியில் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே உடம்பை முறுக்கித் திரும்பி என்னைப் பார்த்தார். கயாக்கில் அவர் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாய் திறந்திருந்தது. க்ரீமுக்கு நடுவே கண்ணு இரண்டும் பெரிசாக.

"என்னங் மாமா சொன்னீங்க?"

"வலிங்க மாப்ள, மீனு!"

"இன்னொருக்காச் சொல்லுங்."

டப்பென்று நரம்பு அறுந்தது. நான் பின்னால் சாய்ந்தேன். கயாக் ஒரு ஆட்டம் ஆடியது. வாளி உருண்டு தண்ணீருக்குள் கவிழ்ந்து, இறால் பூராவும் துள்ளிக்கொண்டு ஆற்றோடு போய்விட்டன.

இருவரும் கொஞ்ச நேரம் மிதக்கும் வாளியையே பார்த்தோம்.

"மீனு போச்சுங்களே மாமா" என்றார். கண்ணில் தண்ணீர்.

"போகட்டும் மாப்ள" என்றேன்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று சொல்லாததால் போன மீன், இன்று சொன்னதால் போனது. சிரிப்பு அடங்கிய பிறகு, வாளியை எடுக்கத் துடுப்பை நீட்டியபோது, நேராகவே சொன்னேன். "மாப்ள, ஒங்களுக்கு நீச்சல் படிச்சுக் குடுக்கணும். வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு இருக்கவ புருஷன் இப்படித் திரும்பி உக்காரலாமா?"

"படிச்சுக்கறனுங்" என்றார்.

ஜூன் 8, மதியம்

வாசலில் டெல்பின். "எங்க டாடி கொடுவா?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார், கை காலை ஆட்டி, கொக்கு பறந்தது வரை. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "என் காதுல விழலயே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். யாருடைய மகள்!

சாப்பிட உட்கார்ந்தோம். நேற்று வாங்கிய கெளுத்திக் குழம்பு. கூடத்தில் இரண்டு பைகள் கட்டி முடித்து நிற்கின்றன. ஜெசிந்தா கரண்டியோடு நின்று, நான் எதையாவது சொல்லி அனுப்புவேன் என்று பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள். டெல்பின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியும் இல்லை, கொடுவாவும் இல்லை, அவசரமும் இல்லை. இப்படிச் சும்மா உட்கார்ந்துகொண்டு சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

"நவநீதன் மாப்ள" என்றேன். "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க. முள்ளப் பாத்துத் தின்னுங்க."

"சரிங் மாமா" என்றார் மாப்பிள்ளை. ஊற்றிக்கொண்டார். அவருக்கு மீனில் அவ்வளவு பிரியம் கிடையாது என்று எனக்குத் தெரியும். இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

டெல்பின் கையைக் கழுவாமலே எழுந்து போனாள். கூடத்தில் பையின் ஜிப் சத்தம் கேட்டது. திறக்கிற சத்தமா மூடுகிற சத்தமா என்று தெரியாமல் ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சட்டைகளை எச்சில் கையோடு ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாச் சட்டையிலும் குழம்புக் கறை. அழுதுகொண்டே அடுக்கினாள்.

ஜூன் 9

காற்று மேற்கு. கொடுவா இல்லை. ரயில் அவர்கள் இல்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் கித்தேரியான் போன் செய்தான். "ஏ தொபியாஸ், கண்ணு தெளிவாயிட்டு. டாக்டரு சொன்னது கெடக்கட்டும், நாளைக்கு நான் வாரேன்" என்றான். முன் இருக்கையில் ஆள் இருக்கிறது என்றேன். யார் என்று கேட்டான். சொன்னேன். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினான். பிறகு, "சரி, கரையில நின்னு பாத்துக்கிடுதேன்" என்றான்.

நாளை விடியலில் ஏற்றம். மாப்பிள்ளையை எழுப்ப வேண்டும். ஜெசிந்தாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானே மாடி ஏறிப் போய்க் கூப்பிடுவேன்.